ஒன்றரை மைல்

1884 மே 30, வெள்ளி. இன்று ஒரு தவறு செய்தேன். சிறியது என்றுதான் முதலில் நினைத்தேன்.

உள்நாட்டுப் போரில் செத்தவர்களின் கல்லறைகளில் பூவும் சிறு கொடியும் வைக்கும் நாள் இது. எங்கள் ஊரில் கொடி நடும் வேலை என்னுடையது. வடக்கு வேலியோரம் தனியாகக் கிடந்த ஒரு கல்லில் ‘ஓரின் பிளெச்சர், 1863’ என்று இருந்தது. போர் நடந்த அந்த வருடம் செத்தவன் வேறு எப்படிச் செத்திருப்பான் என்று அங்கேயும் ஒன்றை நட்டுவிட்டேன்.

மதியத்துக்குள் பழைய சார்ஜென்ட் டாபின் என்னைத் தேடி வந்துவிட்டார்.

“ஏம்ப்பா, நீ போற சாயங்காலப் பள்ளிக்கூடத்துல இவ்வளவு கணக்கு சொல்லித் தர்றாங்களே, வேலியோரமா யாரைப் புதைப்பாங்கன்னு சொல்லித் தரலையா?”

ஓரின் போரில் சாகவில்லையாம். சண்டை நடுவே அணியை விட்டு ஓடி, வெகுதூரம் பின்னால் துப்பாக்கியில்லாமல் பிடிபட்டானாம். விசாரணையில் அவன் ஏதோ காரணம் சொல்ல, காயம்பட்டுப் படுத்திருந்த அவனுடைய கேப்டனே அதை மறுத்துவிட்டாராம். மறுவாரம் சுட்டுவிட்டார்கள்.

கொடியைப் பிடுங்கப் போனேன். ஓரினின் தாய் அங்கே உட்கார்ந்திருந்தாள். கொடிக்கம்பை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

“வருஷா வருஷம் எம்புள்ள மட்டும் வெறும் மண்ணா கெடக்கான். இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டுமேப்பா.”

நான் திரும்பி வந்துவிட்டேன். அது சரிதானா என்று அப்போது தெரியவில்லை.

மாலைக்குள் கொடி போகாவிட்டால் பழைய வீரர்கள் ஒருவரும் நாளைக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள் என்று டாபின் சொல்லியனுப்பினார். நாளைக் கூட்டம் கர்னல் லாஸ்வெல்லுக்காக. அவர் நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸுக்கு நடக்கும் தேர்தலில் நிற்கிறார். நான் அவருடைய எழுத்தர். அவர்கள் ஓட்டு இல்லாமல் அவர் ஜெயிக்க முடியாது.

அவர்களுக்கு அவர் ‘ஒன்றரை மைல் கர்னல்’. தொடை எலும்பு குண்டுபட்டு நொறுங்கிய பிறகும், யார் துணையும் இல்லாமல் ஒன்றரை மைல் நடந்து மருத்துவரிடம் வந்து சேர்ந்தவர். மேடைப் பதாகையில் நானே பெரிய எழுத்தில் ‘தனியே நடந்தவர்’ என்று எழுதியிருக்கிறேன்.

நடந்ததை அவரிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஓரினின் பெயரைக் கேட்டதும் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கல்லறைத் தோட்டத்து வாசற்படியில் அவரால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. தோளைக் கொடுத்தேன். வேலியோரம் டாபினும் இன்னும் சிலரும் கைகட்டி நின்றார்கள்.

“உங்க கையாலயே புடுங்கிப் போடுங்க, கேப்டன்” என்றார் டாபின். இத்தனை வருடம் கழித்தும் அவர் வாயில் அந்தப் பழைய பதவிதான் வந்தது.

கர்னல் சிரமப்பட்டு மண்டியிட்டுக் கம்பைப் பிடித்தார். தாய் கையை எடுத்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் பிடுங்கவில்லை. கம்பை இன்னும் ஆழமாக மண்ணுக்குள் அழுத்தினார்.

டாபின் மென்றுகொண்டிருந்த புகையிலையைத் துப்ப மறந்து நின்றார். தாய் மட்டும் திரும்பாமலே கேட்டாள். “இப்பவாவது சொல்லுவீங்களா?”

கர்னல் ஆமென்று தலையசைத்தார். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. மறுபடி தோளைக் கொடுத்தேன். நாளைக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

“காலைல மொத வேலையா அந்தப் பதாகையக் கழட்டிடு, தம்பி. ஒன்றரை மைலும் நடந்தவன் இவன். நான் இவன் முதுகுல இருந்தேன்.”