விட்டுப்போன தையல்

“எந்தப் புண்ணியவான்மா உனக்கு இப்படித் தைச்சு விட்டான்?”

மேசையில் படுத்திருந்த அம்மாவின் வயிற்றைப் பார்த்து ரேணுகா பொரிந்தாள். பழைய ஆபரேஷன் தழும்பை ஒட்டி, தேங்காய் மூடியைக் கவிழ்த்தது போல் ஒரு புடைப்பு.

“ஏசாத புள்ள” என்றாள் ஆண்டாயி.

“ஏசாம? அப்ப மட்டும் மழையில ரோடு அடைக்காம இருந்திருந்தா, திருப்பூர்ல இருந்து வந்து அந்த ஆளை ஒரு வழி பண்ணியிருப்பேன்.”

டாக்டர் ராஜசேகர் புடைப்பை அழுத்திப் பார்த்தார். “இருமுங்கம்மா... வலிக்குதுங்களா?”

“தேயிலைக் கொழுந்து எடுக்கையில குனிஞ்சா வலிக்கும். பழைய சேலையைக் கிழிச்சு இறுக்கிக் கட்டிக்குவேன்.”

“இனிக் கட்டி வச்சுச் சமாளிக்க முடியாதுங்க. உள்ளே தையல் விட்டுப்போய், அந்த வழியா குடல் தள்ளுது. என்னைக்காவது அங்கேயே மாட்டிக்கிச்சுன்னா உசுருக்கே ஆபத்து.”

ரேணுகாவின் சத்தம் அடங்கிவிட்டது. “மறுபடியும் வயித்தைக் கிழிக்கணுமா சார்?”

“வேண்டாம்மா. சின்னதா மூணு ஓட்டை போதும். ஒண்ணு வழியா கேமராவை விட்டு, டி.வி.யில பார்த்துக்கிட்டே உள்பக்கமா ஒரு வலையை வச்சு அடைச்சிடலாம். ரெண்டு மூணு நாள்ல ஊட்டுக்குப் போயிடலாம்.” சற்றுத் தயங்கி, பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். “கோயமுத்தூருக்குச் சீட்டு எழுதித் தர்றேன். அங்கே செஞ்சுக்குங்க.”

ஆண்டாயி எழுந்து உட்கார்ந்தாள். “இந்தக் குன்னூர்ல நீங்க செய்யறதில்லையா?”

“வாரத்துக்கு ரெண்டு செய்யறேங்க.”

“பொறகென்ன?”

டாக்டர் பேனாவை மூடினார். “ஆறு வருஷத்துக்கு முன்னே கூடலூர்ல உங்களுக்கு ஆபரேஷன் பண்ணினது நான்தாங்க. முகத்தைவிடத் தழும்புதான் எனக்கு முதல்ல அடையாளம் தெரிஞ்சுது. விட்டுப்போனது என் தையல். மறுபடி அதே வயித்துல கை வைக்க மனசு வரலைங்க.”

ரேணுகா விருட்டென்று எழுந்தாள். ஆண்டாயி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“தெரியுங்க டாக்டரய்யா. ஒங்களை விசாரிச்சுத்தானே தேவாலாவுல இருந்து பஸ் ஏறி வந்தேன். ரோடு அடைச்ச அந்த மழையில அன்னைக்கு நீங்க இல்லைன்னா இன்னைக்கு நான் ஏது?”

“ஆனா தையல்...”

“தையல்ல குத்தமில்லைங்க. மூணு மாசத்துக்குப் பாரம் தூக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நான்தான் மூணாவது வாரமே கொழுந்து மூட்டையைத் தூக்கித் தலையில வச்சேன். அப்பவே உள்ள பட்டுனு ஏதோ விட்டுச்சு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன்.”

டாக்டர் அவளையே பார்த்தார். இறுகியிருந்த முகம் மெல்ல இளகியது.

“சொன்ன பேச்சைக் கேக்க வேண்டாமுங்களா அம்மா?” என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். பிறகு கோயமுத்தூர்ச் சீட்டைக் கிழித்துப் போட்டார். “வியாழக்கிழமை காலையில நானே செய்யறேன்.”

“இந்தத் தடவை கேப்பேன் சாமி.”

சம்மதப் படிவத்தில் ஆண்டாயி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

வராந்தாவுக்கு வந்ததும் ரேணுகா அவளை மறித்தாள்.

“ஏம்மா, ஆபரேஷன் முடிஞ்சு, ரோடு தெறந்ததும் வந்து, மூணு மாசமும் திருப்பூர்ல என் ஊட்டுலதானே கெடந்தே? ஒரு குடம் தண்ணிகூடத் தூக்க விடலையே நான். அங்கே ஏது கொழுந்து மூட்டை?”

ஆண்டாயி திரும்பி, டாக்டர் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

“மெதுவாப் பேசு புள்ள. வியாழக்கிழமை என் வயித்துக்குள்ள வேலை செய்யப்போற கை, அது நடுங்கலாமா?”