கதவில் பெயர்

சாப்பாட்டுக் கோப்பை பறந்து வந்து ஜெயமலரின் நெற்றியில் உடைந்தது.

"நத்தாருக்குக் காசு குடுக்க ஒரு நல்ல இடம் பாரெண்டால், பேர் போடாத இடமாப் பாத்து வைச்சிருக்கிறாய்!" என்று கிறிஸ்மஸ் நன்கொடைப் படிவத்தை ஆட்டியபடி கத்தினார் கணவர் தியாகலிங்கம். போன வருடம் கோவிலில் அவர் பெயரை ஒலிபெருக்கியில் யாரோ பிழையாகச் சொன்னதற்கு அவளுடைய பல் ஒன்று போயிருந்தது.

ஜெயமலர் இரத்தத்தைத் துடைத்தாள். "ஸ்காபரோவில இன்னொரு இடம் இருக்கு. ஒரு அறையைத் திருத்திக் குடுத்தால், கதவில பித்தளையில உங்கட பேர் போடுவினமாம்."

"பித்தளையிலயோ?"

என்ன இடம் என்றுகூடக் கேட்காமல் காசோலையில் கையெழுத்து வைத்தார்.

நத்தாருக்கு முதல் நாள் கதவின் படம் வந்தது. எழுத்து சின்னதாக இருக்கிறதென்று அவள் கையை முறித்தார்.

அன்று மாலையே, கையில் கட்டும் தோளில் பையுமாக அவள் அங்கே போய் இறங்கினாள். அடிபட்டு வரும் பெண்களை வைத்துப் பார்க்கும் இல்லம் அது.

"இதுதான் உங்கட அறை அன்ரி," என்றாள் பொறுப்பாளர் பெண். "பேரில இருக்கிறவரைத் தெரியுமே?"

"ஓம். அவருக்கு இந்த இடம் தெரியாது."

பெயரை வெளியே விட்டுவிட்டு, ஜெயமலர் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.