குசுகுசுக் கோபம்

துவைத்த யூனிஃபார்மைக் கொடியில் போட்டுவிட்டு வந்த வினோதினி, வாடகை அறையின் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த கணவன் குமாரவேல், கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான். தூக்கத்திலும் பல்லை நறநறவென்று கடிக்கிறான். மூன்று வயது மகள் மிதுனா இன்று அங்கன்வாடியில் இன்னொரு குழந்தையைக் கடித்துவைத்திருக்கிறாள். "இன்னா பண்றது டீச்சர், அவங்கப்பா கோவம் அப்படியே இவளுக்கு வந்துகீது" என்று சொல்லித்தான் வினோதினி அவளைக் கூட்டிவந்தாள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று போக, ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்குகிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் வட்டத்தில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மிதுனா தன் பொம்மையை மிரட்டிக்கொண்டிருக்கிறாள். கத்தவில்லை, குசுகுசுவென்றுதான் மிரட்டுகிறாள். "கடிப்பியா? அப்படியே உங்கப்பா மாதிரி! இனிமே கடிப்பியா?" பொம்மையின் உள்தொடையை இரண்டு விரலால் பிடித்துத் திருகுகிறாள். வினோதினி மகளை வழக்கமாகக் கிள்ளும் இடம் அது. வாசலில் நிற்கும் வினோதினியின் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன. மிதுனா அவசரமாகப் பொம்மையின் வாயைப் பொத்துகிறாள். அதன் காதருகே குனிந்து சொல்கிறாள்: "அழக்கூடாது. அப்பா தூங்கறாரு."