மூன்றாவது மேசைத் தொப்பிக்காரர்

சூதாட்ட விடுதியின் கேமரா அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்து இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஒரு மாதத்துக்குள் ஒரு மோசடிக்காரனையாவது பிடித்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அன்று பிடித்தேவிட்டாள். அவள் கூப்பிட்டதும் மேனேஜர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சார், மூணாவது மேசைல தொப்பி போட்டவரைப் பாருங்க. இருமுற சாக்குல சட்டைக் கைக்குள்ளேர்ந்து சீட்டை எடுக்கறாரு!"

"நல்லாத் தெரியுதா?"

"அப்பட்டமாத் தெரியுது சார். கூட ஆடறவங்க பாவம், வரிசையாத் தோக்கறாங்க. செக்யூரிட்டியை அனுப்பட்டுமா?"

மேனேஜர் அந்தக் காட்சியை மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"வேணாம்மா. உன் கண்ணு பிரமாதம். இன்னிலேர்ந்து உன் வேலை நிரந்தரம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றி சார். அப்போ அந்த ஆளு?"

மேனேஜர் போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார். திரையில் தொப்பிக்காரர் தன் போனைக் காதில் வைத்தார்.

"ஏம்ப்பா, இவ்வளவு வருஷ சர்வீஸ்ல இப்படியா சொதப்புவே? எழுந்து மேல வா. இந்தப் பொண்ணு முன்னாடி உட்கார்ந்து பழகு. இவ கண்ணுக்குத் தப்பினாத்தான் உனக்கு மறுபடியும் மேசை!"