வலது சக்கரத்தின் எண்

இடது முன்சக்கரம் அறுநூறு டிகிரி என்றது.

வலது, இருநூறு.

அவள் மடிக்கணினியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டுக் குனிந்தாள். இடது பிரேக்கின் சூட்டைச் சொல்லும் சென்சாரைக் கழற்றி வலதில் மாட்டினாள். வலதில் இருந்ததை இடதில்.

டிரைவர் எத்திராஜ் சோதனைத் தடத்தில் ஒரு சுற்று போய் வந்தார்.

மறுபடியும் இடதுதான் கொதித்தது.

சாட்சி மாறியும் சாட்சியம் மாறவில்லை.

"லேசா இடது பக்கம் இழுக்குதும்மா" என்றார் எத்திராஜ்.

அப்படியானால் கோளாறு சென்சாரில் இல்லை. காலை எடுத்த பிறகும் இடது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேகமாக நாலு சுற்று போனால் பிரேக் ஆயில் கொதித்துவிடும். பிறகு மிதித்தால் கால்தான் கீழே போகும். வண்டி நிற்காது.

இதை வைஸ் பிரசிடென்ட் தனகோபாலிடம் சொன்னாள். அவர் கண்களை மூடிக் கேட்டார். விழாக்களில் இறைவணக்கத்தையும் அப்படித்தான் கேட்பார்.

புது வண்டியின் அறிமுக விழாப் பந்தலில் சேர்மன் வந்து உட்கார்ந்தாயிற்று. குத்துவிளக்கு, சால்வைகள், பெரிய திரை. தனகோபாலின் உரைதான் பாக்கி. தலைப்பு, 'தரவே தெய்வம்'.

"சென்சாருக்குத்தாம்மா ஜுரம். வண்டிக்கு ஒண்ணுமில்ல."

"சார், ரெண்டையும் மாத்திப் பாத்துட்டேன்..."

"அப்ப ரெண்டுக்கும் ஜுரம். பிளக்கைப் பிடுங்கு. அந்த இடத்துல வலது பக்க நம்பரையே ஓட விடு."

அந்தக் கார் கம்பெனியின் வழக்கம் அது. நல்ல எண் வந்தால் வண்டி நன்றாக இருக்கிறது. கெட்ட எண் வந்தால் சென்சார் கெட்டிருக்கிறது. இதுவரை எந்த வண்டியிலும் ஒரு குறை கண்டதில்லை. சென்சார்கள்தான் கூடை கூடையாகக் குப்பைக்குப் போயின.

அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் தனகோபால்.

பிடுங்கினாள்.

பெரிய திரையில் இரண்டு சக்கரங்களும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே எண்ணைக் காட்டின. உலகத்தில் எந்த இரண்டு சக்கரமும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. தனகோபால் அதைச் சுட்டிக்காட்டி உரையை முடித்தார்.

கைதட்டல்.

எத்திராஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"சரியாயிடுச்சாம்மா?"

"சரியாயிடுச்சுண்ணே."

சேர்மனுக்கு உற்சாகம் பொங்கியது. "தனகோபால், நீங்களும் கூட ஏறுங்க. பத்து ரவுண்டு, ஃபுல் ஸ்பீடு!"

தனகோபால் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கை தானாகப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் இந்த மனிதர் நம்பியிருக்கிறார்.

"இடுப்பு சார். குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இந்தப் பொண்ணு போகட்டுமே. சரி பண்ணுனதே இவதான். பேரு இவளுக்குத்தான் போய்ச் சேரணும்."

பந்தலே அவளைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது.

எத்திராஜ் பக்கத்து இருக்கையின் தூசியைத் தட்டிவிட்டார்.

தனகோபால் முந்திக்கொண்டு ஓடிவந்து, குனிந்து, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். இடுப்பு நன்றாகவே வளைந்தது.

இன்ஜின் உறுமியது.

அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள்.

மற்றது இன்னும் தரையில் இருந்தது.