பென்ட்ரைவ் கப்ரிஞ்ஞா

“நிப்பாட்டு! இது பென்ட்ரைவ் பாட்டு!”

க்ளைவ் போட்ட சத்தத்தில் வாவிக்கரை மண்டபமே ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பியது. விருந்தாளிகளுக்குக் கைகுலுக்கிக்கொண்டிருந்த கல்யாணப் பெண் தானியா பாதியில் கையை விட்டாள்.

க்ளைவ் மாப்பிள்ளையின் தம்பி. கீபோர்ட் வாசிப்பதில் தன்னை மிஞ்ச மட்டக்களப்பில் ஆளில்லை என்ற நினைப்பு. கையில் கிளாஸ் வேறு.

“கையை ஆட்டிக் காட்டி ஊரை ஏமாத்திறியா?” என்று வாத்தியக்காரன் வெய்னைப் பார்த்துக் கத்தியவன், பென்ட்ரைவைப் பிடுங்கிப் பொக்கற்றுக்குள் போட்டான்.

பாவம் வெய்ன். ஏற்பாடு தானியாவுடையது.

முழங்காலில் ஒப்பரேசன் செய்திருந்த மம்மா மேவிஸ், “என்ட மகள்ட கல்யாணத்தில நான் கப்ரிஞ்ஞா ஆடியே தீருவன்” என்று ஒற்றைக்காலில் நின்றாள். பறங்கியர் கல்யாணங்களில் ஆடும் இந்தக் கப்ரிஞ்ஞாவோ போகப் போக வேகமெடுக்கும். கைதட்டல் கேட்டால் வாசிக்கிறவனுக்கும் வெறி ஏறும். அதற்குப் பயந்துதான், ஒரே சீராக மெதுவாகப் பதிவுசெய்து போடும்படி வெய்னிடம் சொல்லியிருந்தாள் தானியா.

ஓடிப்போய் க்ளைவின் காதில் சொன்னாள். “விடுங்க க்ளைவ். மம்மாட கால்...”

“நீங்க பேசாம இருங்க மச்சாள். நான் வாசிக்கிறன்!”

வெய்னை எழுப்பிவிட்டு கீபோர்ட் முன்னால் உட்கார்ந்தே விட்டான். மண்டபம் விசிலடித்தது. நடுவில் மம்மா மறுபடி ஆடத் தயாராக நின்றாள். விழுந்தால் அந்தக் கால் இனித் தேறாது. தானியா கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள்.

பாட்டு மெதுவாகத் தொடங்கியது. பிறகு இன்னும் மெதுவானது. ஓரிடத்தில் நின்றே போய், திரும்பவும் ஓடியது.

“என்னடா, செத்த வீடா?” என்று யாரோ கேலி செய்தார்கள்.

இவ்வளவுதானா இவன் வாசிப்பு? தானியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகப் பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தாள். மம்மா வியர்த்து, சிரித்து, விழாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்காக விட்டுவிட முடியுமா? நேரே க்ளைவிடம் போனாள்.

“இந்த வாசிப்புக்கா அந்த மனிசனை நாலு பேர் முன்னால அவமானப்படுத்தினீங்க?”

க்ளைவ் பென்ட்ரைவை அவள் கையில் வைத்தான். குரல் இறங்கியிருந்தது.

“வெய்னிட்ட நான் மன்னிப்புக் கேக்கிறன் மச்சாள். கால் ஏலாதெண்டு சொல்லி நிப்பாட்டினா ஆன்ட்டிக்கு வெக்கம். அதான் பழியை அவன்ல போட்டன். நீங்க கவனிக்கல்ல, பென்ட்ரைவ் பாட்டுக்கே ஆன்ட்டி ரெண்டு தரம் விழப் பாத்தவ. பென்ட்ரைவ் அவட காலைப் பாத்து நிக்காதுதானே!”