லாமாவுக்குப் புரியாத சொல்

மலைநாட்டில் மூட்டை சுமக்கும் லாமா என்ற விலங்கு ஒன்று இருந்தது. களைத்துப் படுத்துவிட்டால், மேய்ப்பன் குசி அதன் காதோரம் குனிந்து, தங்கள் பாஷையில், "எழுந்திரு கண்ணு" என்பான். எழுந்துவிடும்.

பிறகு ஸ்பெயின்காரர்கள் கப்பலில் வந்தார்கள். ஊர்க்கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே தங்கள் கோயிலைக் கட்டினார்கள். குசியின் தலையில் தண்ணீர் ஊற்றி, பேத்ரோ என்று பெயர் வைத்தார்கள். அவனையும் லாமாவையும் வெள்ளிச் சுரங்க வேலைக்கு ஓட்டிப்போனார்கள். அங்கே போனதிலிருந்து குசி லாமாவிடம் பேசுவதே இல்லை.

ஒருநாள் ஏற்றத்தில் லாமா சுமையோடு படுத்துவிட்டது. பின்னால் வந்த கோவேறு கழுதை பதறிப்போய், "எழுந்திரு அக்கா, கங்காணி வருகிறான்" என்றது.

"குசி வந்து சொல்லட்டும். எழுந்துகொள்கிறேன்."

"எப்படிச் சொல்வான்? உங்கள் பாஷையைப் பேசியதற்குத்தான் அவன் முதுகுத்தோலை உரித்தார்களே."

"என்மேல் ஏதோ கோபம் என்றல்லவா நினைத்திருந்தேன்" என்றது லாமா.

அதற்குள் குசி ஓடிவந்து அதன் காதோரம் குனிந்தான். கங்காணி சாட்டையோடு பக்கத்திலேயே வந்து நின்றான். குசியின் உதடுகள் இரண்டு முறை திறந்து மூடின. கடைசியில் ஸ்பானிய மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது.

லாமா முன்னங்கால்களை ஊன்றி, தள்ளாடி எழுந்து நடந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கழுதை கேட்டது: "அவன் சொன்னது உனக்குப் புரிந்ததா?"

"இல்லை" என்றது லாமா.